பட்டு, நகை, தோல் ஷூ: டிஜிட்டல் உருவத்தில் பார்வைக் கோணப் பளபளப்புக்கு எந்த முறை?

ஆரணிப் பட்டு கட்டிய மணப்பெண் உருவத்தைக் கல்யாண அழைப்பிதழ் வீடியோவுக்குச் செய்கிறவர்களுக்கும், ஆம்பூர் ராணிப்பேட்டைப் பக்கம் ஷூவை முப்பரிமாணத்தில் செய்து வெளியூர் வியாபாரிக்கு அனுப்புகிறவர்களுக்கும் வேலை ஒரே இடத்தில்தான் சிக்கும். நேரே பார்த்தால் உருவம் நன்றாக இருக்கும். கொஞ்சம் திருப்பினதும் பிளாஸ்டிக் பொம்மை ஆகிவிடும். உடனே லைட்டைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள், இன்னொரு எச்டிஆர்ஐ (சுற்றுப்புற வெளிச்சம் தரும் படம்) போடுவார்கள். பெரும்பாலும் கோளாறு லைட்டில் இருக்காது. பார்க்கும் கோணம் மாறும்போது பரப்பு எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற கணக்கில்தான் இருக்கும்.

அந்தக் கணக்கைப் போட நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: மேட்கேப், ஃபேசிங் ரேம்ப், நிகழ்நேர பிபிஆர் (ஒளியின் இயற்பியலை ஒட்டிய ரெண்டர்), பாத் டிரேசிங். இவற்றில் எதை எடுப்பது என்பதுதான் கேள்வி. நோடுகளின் (பொருளின் தோற்றத்தை அமைக்க ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிகள்) பெயர்கள் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் இருப்பவை. வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான்.

## கோணம் என்ன செய்கிறது

பரப்பின் நார்மலுக்கும் (பரப்புக்குச் செங்குத்தாக வெளியே நீளும் திசை) கேமராவுக்கும் நடுவில் உள்ளது பார்வைக் கோணம். நேருக்கு நேர் பார்த்தால் 0 டிகிரி, பரப்பை உரசினாற்போல் பார்த்தால் 90 டிகிரி. வேலூர்க் கோட்டை அகழிக் கரையில் நின்றால் இது கண்ணுக்கே தெரியும். காலடியில் குனிந்து பார்த்தால் தண்ணீருக்குள் இருக்கும் பாசியும் கலங்கலும் தெரியும். அக்கரைப் பக்கம் பார்த்தால் மதிலும் வானமும்தான் தெரியும், தண்ணீரின் நிறமே தெரியாது. கண் நீர்மட்டத்துக்கு 3 மீட்டர் மேலே இருக்கிறது, பார்க்கும் இடம் 30 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால் கோணம் 84 டிகிரி. அந்தக் கோணத்தில் தண்ணீர் தன்மேல் விழும் ஒளியில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்புகிறது. காலடியில் அதுவே 2 சதவீதம்தான்.

இதன் விதியை 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஃப்ரெனெல் எழுதினார். நிகழ்நேர ரெண்டர்களில் பெரும்பாலும் ஓடுவது 1994இல் கிறிஸ்டோஃப் ஷ்லிக் தந்த சுருக்கம். நேர்ப்பார்வையில் உள்ள பிரதிபலிப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். 1இலிருந்து கோணத்தின் கோசைனைக் கழித்து, ஐந்தாம் அடுக்காக்கி, மீதமுள்ள பங்கோடு பெருக்கி அதனுடன் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். ஃபினிஷ் போட்ட தோல், பெயிண்ட், பிளாஸ்டிக் போன்றவற்றுக்கு ஐஓஆர் (ஒளிவிலகல் எண்) சுமார் 1.5 என்று வைத்தால் நேர்ப்பார்வைப் பிரதிபலிப்பு 4 சதவீதம் வரும். மனிதத் தோலுக்கு 1.4 வைத்தால் 2.8 சதவீதம்.

ஐஓஆர் 1.5க்குக் கணக்கு இப்படி வரும். கடைசி நெடுவரிசையைக் கவனமாகப் பாருங்கள். திரையில் 100 பிக்சல் அகலத்தில் ஒரு கை தெரிகிறது, அதை உருளையாக எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கோணத்தைத் தாண்டிய ஓரம் ஒரு பக்கத்துக்கு எத்தனை பிக்சல் என்பதுதான் அது.

| கோணம் | சரியான ஃப்ரெனெல் | ஷ்லிக் சுருக்கம் | அதைத் தாண்டிய ஓரம் |
|---|---|---|---|
| 0 | 4% | 4% | 50 பிக்சல் |
| 45 | 5% | 4.2% | 14.6 |
| 60 | 8.9% | 7% | 6.7 |
| 75 | 25.3% | 25.5% | 1.7 |
| 80 | 38.8% | 41% | 0.8 |
| 85 | 61% | 65% | 0.2 |

60 டிகிரி வரைக்கும் ஒன்றுமே நடக்கவில்லை. நடப்பதெல்லாம் அதற்கு மேல்தான், அந்த இடமோ கையின் ஓரத்தில் ஏழு பிக்சல்கூட இல்லை. பளிச்சென்று தெரியும் 75க்கு மேற்பட்ட பகுதி இரண்டு பிக்சலுக்கும் குறைவு. 1080க்கு 1920 செங்குத்து வீடியோவில் முழு உருவமும் நின்றால் கை 80 பிக்சல்தான் தேறும். ஆகவே நிஜமான விளிம்புப் பளபளப்பு போன் திரையில் மெல்லிய கோடு. அதை அகலமாகப் பூசியதால்தான் உருவம் பிளாஸ்டிக் ஆகிறது. கோணத்தின் விளைவு அகலமாகத் தெரியும் இடங்கள் வேறு: ஷூவின் மேல் வளைவு, ஈரத் தரை, சாய்ந்து கிடக்கும் முந்தானை, பட்டு மடிப்பு.

## முடிவு செய்யும் அளவுகோல்கள்

முதல் கேள்வி, கேமராவோ உருவமோ திரும்புமா? ஒரே ஸ்டில் என்றால் பாதித் தொல்லை போயிற்று. பார்ப்பவரே விரலால் திருப்புவார் என்றால் எந்தக் கோணமும் தப்பாது.

இரண்டாவது, உருவத்தில் என்னென்ன பொருட்கள்? தங்கத்துக்கும் பட்டுக்கும் மென்மயிர்த் தோலான ஸ்வேடுக்கும் கோணம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஒரே கல்லால் ஆன சிலைக்கும் ஐந்து பொருள் அணிந்த மணப்பெண்ணுக்கும் ஒரே விடை கிடையாது.

மூன்றாவது, எங்கே எந்த அளவில் தெரியப்போகிறது, பின்னணி என்ன? சாய்கோணத்தில் பரப்பு பிரதிபலிப்பது தனக்குப் பின்னால் இருப்பதைத்தான். வெள்ளைப் பின்னணி கேட்கும் கேட்டலாகில் இது பெரிய விவகாரம்.

நான்காவது, ஒரு ஃப்ரேமுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்? ஐந்தாவது, கோப்பு கைமாறுமா? படமாகக் கொடுப்பது வேறு, ஜிஎல்டிஎஃப் என்ற முப்பரிமாணக் கோப்பாகக் கொடுத்து இன்னொருவர் வெப்சைட்டில் ஏற்றுவது வேறு. பணம் கொடுத்து வாங்கியவர் திரையில் பளபளப்பு காணாமல் போவது இந்த ஐந்தாவதில் அசட்டையாக இருந்தால்தான்.

## மேட்கேப்

உருண்டை ஒன்றின் படத்திலேயே வெளிச்சம், பளபளப்பு, விளிம்பு எல்லாவற்றையும் வரைந்து வைத்துவிடுவது. பரப்பின் நார்மல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ உருண்டையில் அந்த இடத்து நிறம் ஒட்டப்படும். 256 அல்லது 512 பிக்சல் சதுரப் படம் ஒன்று போதும். லைட், எச்டிஆர்ஐ எதுவும் வேண்டாம். பழைய போனிலும் தடங்கல் இல்லாமல் ஓடும்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. வெளிச்சம் கேமராவோடு ஒட்டிக்கொண்டே வரும். வெறும் பின்னணியில் உருவம் சுழன்றால் இது யாருக்கும் தெரியாது, பின்னால் மண்டபமோ தெருவோ இருந்தால் உடனே தெரிந்துவிடும். இரண்டாவது, தட்டையான பரப்பு முழுக்க ஒரே நிறமாகிவிடும். ஷூ அட்டைப்பெட்டி, ஷூ அடிப்பாகம், விரித்துத் தொங்கவிட்ட முந்தானை எல்லாம் காகிதம் வெட்டி ஒட்டியது போலத் தெரியும். மூன்றாவது, அகல லென்ஸ் வைத்தால் திரை ஓரத்தில் இருக்கும் பரப்பின் கோணம் தப்பாகும். 70 முதல் 85 மில்லிமீட்டர் வரை லென்ஸை வைத்தால் இது அடங்கும்.

ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளித் தூண் போல ஒரே கல்லால் ஆன, வளைவும் குழிவும் நிறைந்த உருவத்துக்கு மேட்கேப் கச்சிதமாகப் பொருந்தும். செதுக்கும்போது வடிவம் சரிபார்க்கவும் இதைவிட நல்லது கிடையாது. பட்டு, நகை, தோல் மூன்றும் சேர்ந்த உருவத்துக்கு ஒவ்வொரு பொருளுக்கும் தனி மேட்கேப் வரைய வேண்டியிருக்கும். அவற்றின் வெளிச்சத் திசைகளை ஒத்துப்போகச் செய்வதற்குள் பிபிஆரே செய்து முடித்துவிடலாம்.

## ஃபேசிங் ரேம்ப்

லேயர் வெயிட் நோடின் ஃபேசிங் வெளியீட்டை (பரப்பு கேமராவை விட்டு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்ற எண்), எண்ணை நிறமாக்கும் ஒரு கலர் ரேம்புக்குக் கொடுத்து விளிம்பை வெளுப்பாக்குவது. யூடியூபில் பார்த்துக் கற்றவர்கள் முதலில் போடுவது இதைத்தான். கார்ட்டூன் பாணிக்கும், சாமி உருவத்தைச் சுற்றி வேண்டுமென்றே ஒரு ஒளி காட்டுவதற்கும் இது நல்ல கருவி. நிஜம் போல் வேண்டும் என்கிற இடத்தில்தான் இது காலை வாரும்.

ரேம்பின் வெள்ளை முனையை நடுவில், 0.5இல் வைப்பது வழக்கம். லேயர் வெயிட்டின் பிளெண்ட் 0.5 இருக்கும்போது ஃபேசிங் என்பது 1இலிருந்து கோசைனைக் கழித்தது. அதாவது 0.5 என்றால் 60 டிகிரி. அங்கே நிஜப் பொருள் 9 சதவீதம்தான் பிரதிபலிக்கிறது, ரேம்போ முழு வெள்ளையைத் தொட்டிருக்கும். பிளாஸ்டிக் தோற்றம் வருவது இங்கிருந்துதான். ரேம்பை எடுத்துவிட்டு மேத் நோடில் ஐந்தாம் அடுக்கு, அதை 0.96ஆல் பெருக்கல், 0.04 கூட்டல் என்று மூன்று நோடு போட்டால் அதுவே ஷ்லிக் வளைவு. அதை டிஃப்யூஸ் (மங்கிய பரவல்), கிளாஸி (பளபளப்பு) இரண்டையும் கலக்கும் மிக்ஸ் ஷேடரின் ஃபேக்டராகக் கொடுக்கலாம். எல்லாப் பொருளுக்கும் பொதுவான பிரின்சிபிள்ட் நோடின் ஸ்பெக்குலரில் (பிரதிபலிப்பு அளவு) கொண்டுபோய்ச் செருகக் கூடாது. அதற்குள் ஏற்கெனவே ஃப்ரெனெல் இருக்கிறது, கோணத்தின் விளைவு இரட்டிப்பாகிவிடும்.

எமிஷனாக, அதாவது தானே ஒளிர்வதாகப் போட்ட விளிம்பு நிழலிலும் எரியும். தாடைக்குக் கீழே, அக்குளில், கொசுவத்தின் உள்மடிப்பில் வெளிச்சமே போகாத இடத்தில் கோடு மினுங்கும். ஆம்பியன்ட் அக்லூஷன் நோடால் (மடிப்பு, குழிவுகளை இருட்டாக்குவது) பெருக்கினால் பாதி அடங்கும். பின்பக்க லைட்டின் திசைக்கும் நார்மலுக்கும் டாட் பிராடக்ட் (இரு திசைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்) எடுத்து அதாலும் பெருக்கினால் லைட் இருக்கும் பக்கம் மட்டும் விளிம்பு வரும். தட்டையான பரப்பு திரும்பும்போது முழுப் பரப்பும் ஒரே நொடியில் வெளுத்து அணைவதற்கு மட்டும் மருந்து கிடையாது.

இன்னொன்று, இது கைமாறாது. பிளெண்டரிலிருந்து ஜிஎல்டிஎஃப் ஏற்றுமதி செய்தால் பிரின்சிபிள்ட் நோடும் அதில் செருகிய டெக்ஸ்சர்களும்தான் போகும். லேயர் வெயிட்டும் ரேம்பும் அங்கேயே நின்றுவிடும்.

## நிகழ்நேர பிபிஆர்

பிளெண்டரின் வேக ரெண்டரான ஈவீயிலோ வெப் வியூவரிலோ ஓடும் மெட்டாலிக் (உலோகத் தன்மை), ரஃப்னஸ் (சொரசொரப்பு) முறை. ஷ்லிக் வளைவு உள்ளேயே இருக்கிறது. ஜிஎல்டிஎஃப் தரத்தில் உலோகம் அல்லாத பொருளுக்கு ஐஓஆர் 1.5 தானாகவே வரும். திருப்பிப் பார்க்கும் உருவத்துக்கு, குறிப்பாக ஷூவுக்கு, இதைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் போட்டவுடன் வேலை முடிந்துவிடாது. திருத்த வேண்டிய இடங்கள் நிறைய.

முதலில் மதிப்புகள். மனிதத் தோலுக்கு ஐஓஆர் 1.4, ரஃப்னஸ் 0.35 முதல் 0.5. சாதாரண ஃபினிஷ் தோலுக்கு ரஃப்னஸ் 0.35 முதல் 0.55. கண்ணாடி போல் மினுங்கும் பேட்டன்ட் லெதருக்கு அடித்தளம் 0.4, அதன் மேல் கோட் (வார்னிஷ் போன்ற மேல்பூச்சு) 1, கோட் ரஃப்னஸ் 0.03 முதல் 0.05. ஸ்வேடு, நூபக் இரண்டுக்கும் ரஃப்னஸ் 0.9, அத்துடன் ஷீன் (துணி ஓரத்தில் வரும் மென்மையான வெளிறல்). அவற்றின் வெளிறிய விளிம்பு நுண்ணிய மயிரிழைகளால் வருவது, ஃப்ரெனெலால் வருவதில்லை. ஷீன் போடாத ஸ்வேடு காய்ந்த மண்ணாகத்தான் தெரியும்.

தங்கத்துக்கு மெட்டாலிக் 1, நிறம் 255, 226, 155 அளவில். உலோகத்தில் கோணத்தின் பங்கு குறைவு. நேர்ப்பார்வையிலேயே சிவப்பு அநேகமாக முழுதும், பச்சை முக்கால் பங்கும் திரும்பிவிடுகிறது. மிச்சமிருக்கும் நீலம்தான் ஓரத்தில் கூடி, கடைசிக் கோட்டில் நிறம் வெளிறும். அதனால் நகை மங்கலாகத் தெரிந்தால் விளிம்பைத் தொடாதீர்கள். அது எதைப் பிரதிபலிக்கிறது என்று பாருங்கள். ஸ்ரீபுரம் பொற்கோயிலின் தகடுகளிலும் வானம் விழும் இடம் பளிச்சென்றும், எதிர் நிழல் விழும் இடம் பழுப்பாகவும்தான் தெரியும். கழுத்துக்கு எதிரே இரண்டு வெள்ளைப் பலகை லைட்டும் நடுவில் ஒரு கறுப்பு இடைவெளியும் வைத்தாலே ஆரம் உயிர் பெறும்.

ரஃப்னஸ், நார்மல் டெக்ஸ்சர்களின் கலர் ஸ்பேஸ் நான்-கலரில் (நிறமாக அல்லாமல் வெறும் எண்ணாகப் படிப்பது) இருக்க வேண்டும். எஸ்ஆர்ஜிபியில் விட்டால் 0.5 ரஃப்னஸ் 0.21 ஆகப் படிக்கப்படும். உருவம் மழையில் நனைந்தது போல இருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அடுத்தது மடிப்புகளுக்குள் வரும் ஒளிர்வு. எச்டிஆர்ஐயிலிருந்து வரும் பிரதிபலிப்பை நிகழ்நேர முறை பெரும்பாலும் மறைத்துப் பார்ப்பதில்லை. ஷூவின் உள் லைனிங், கொசுவ மடிப்பின் அடி, வாய்க்குள் எல்லாம் சாய்கோணமாக இருப்பதால் வானத்தைப் பிரதிபலித்து மினுங்கும். அக்லூஷன் மேப் கட்டாயம் வேண்டும். அதற்கும் அடங்காத ஆழமான இடங்களில் ஸ்பெக்குலர் மேப்பை 0.3க்கு இறக்கி, ரஃப்னஸை 0.8க்கு ஏற்றுங்கள்.

விளிம்பில் முக்கோணம் முக்கோணமாக வெளிச்சம் வெட்டினால் பாலிகன் போதவில்லை. ஸ்மூத் ஷேடிங் நார்மலை வளைக்கிறதே தவிர வடிவத்தை வளைப்பதில்லை. ஓரத்தில் நார்மல் ஒன்று சொல்லும், பரப்பு ஒன்று சொல்லும். தோள், கன்னம், ஷூவின் முன்மூக்கு ஆகிய இடங்களில் மட்டும் ஒரு படி சப்டிவிஷன் (பரப்பை மேலும் நுணுக்கமாகப் பிரிப்பது) கூட்டினால் போதும், முழு உருவத்துக்கும் தேவையில்லை. நார்மல் மேப் வலிமை 1இல் இருந்தால் ஓரத்தில் சில பிக்சல்கள் கேமராவுக்கு முதுகு காட்டும், கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி வரும். 0.3 முதல் 0.5 போதும்.

உருவம் சிறிதாகத் தெரியும்போது வேறொரு சிக்கல். தூரத்துக்கான சிறிய டெக்ஸ்சரில் நார்மல் மேப்பின் சுருக்கங்கள் மழுங்கிவிடும், ரஃப்னஸ் மட்டும் பழையபடி இருக்கும். சொரசொரத் தோல் தூரத்தில் வழவழப்பாகி ஓரம் மின்னி மின்னி அணையும். முழு உருவ ஷாட்டில் துணிக்கும் தோலுக்கும் ரஃப்னஸ் 0.3க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரையில் விழும் பிரதிபலிப்பில் ஈவீயின் ஸ்க்ரீன் ஸ்பேஸ் முறைக்கு ஒரு குணம் உண்டு. திரையில் தெரிவதை மட்டும்தான் அது பிரதிபலிக்கும். சாய்ந்து பார்க்கும் ஈரக் கல்தரையில் உருவத்தின் நிழலுரு அழகாக வரும், ஏனென்றால் கதிர் கேமராவை விட்டு விலகி, திரைக்குள்ளேயே போகிறது. கேமராவைப் பார்த்து நிற்கும் பதக்கத்திலோ கண்ணாடியிலோ கதிர் கேமராப் பக்கம் திரும்புவதால் ஒன்றும் கிடைக்காது. அந்த இடத்துக்கு லைட் புரோப் (சுற்றுப்புறத்தைப் பதிந்து தருவது) வைக்க வேண்டும்.

## பாத் டிரேசிங்

பிளெண்டரின் சைக்கிள்ஸ் போன்ற ரெண்டர்கள். ஒளி மடிப்புக்குள் போய், மோதி, நிறம் வாங்கித் திரும்பும் வரை பின்தொடரும். மேலே சொன்ன மடிப்பு ஒளிர்வுத் தொல்லை கிடையாது. சிவப்புச் சேலையின் நிறம் கையின் உட்புறத்தில் ஏறுவதும் தானாக வரும். அச்சுக்குப் போகும் ஸ்டில் என்றால் வேறு யோசனையே வேண்டாம்.

செலவு நேரத்தில். ஒரு ஃப்ரேம் 2 நிமிடம் என்று வையுங்கள். விநாடிக்கு 24 ஃப்ரேம், 10 விநாடி என்றால் 240 ஃப்ரேம், 8 மணி நேரம். வேலூர் சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் ஜிபியு சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், கணக்கு 8இல் நிற்காது. மின்தடைக்கு வீட்டு இன்வெர்ட்டரை நம்புகிறவர்களும் ஒரு கணக்குப் போட வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் காகிதக் கணக்குப்படி 1800 வாட்-அவர். 500 வாட் இழுக்கும் கம்ப்யூட்டரை, இழப்புகளைக் கழித்தால், 3 மணி நேரம்கூடத் தாங்காது. ராத்திரியில் ஓடவிடுங்கள். நேரடியாக வீடியோவாக ரெண்டர் செய்யாமல் பிஎன்ஜி வரிசையாக எடுங்கள். கரண்ட் போனால் விட்ட ஃப்ரேமிலிருந்து தொடரலாம்.

நகையும் பேட்டன்ட் தோலும் இருக்கும் காட்சியில் வெள்ளைப் புள்ளிகள் தெறிக்கும். க்ளாம்ப் இன்டைரக்டை (மோதித் திரும்பும் ஒளிக்கான உச்ச வரம்பு) 3 முதல் 10க்குள் வைத்தால் அடங்கும். டீநாய்சர் (புள்ளி இரைச்சலை நீக்குவது) சரிகை நூலைப் பூசி மெழுகிவிடும். அதற்கு ஆல்பிடோ (பொருளின் சொந்த நிறம்), நார்மல் இரண்டையும் டீநாய்சருக்குக் கொடுக்க வேண்டும், சாம்பிளும் (பிக்சலுக்கு விடும் கதிர்கள்) 512க்குக் குறையக் கூடாது.

வெள்ளைப் பின்னணியில் கறுப்பு ஷூ வைக்கும்போது கணக்குச் சரியாக இருப்பதே தொல்லையாகும். விளிம்பு பின்னால் இருக்கும் வெள்ளையைப் பிரதிபலிப்பதால் ஷூவின் உருவரை பின்னணியில் கரைந்துபோகும். போட்டோ ஸ்டுடியோவில் செய்கிற வேலைதான் இங்கேயும்: ஷூவின் இரு பக்கமும், கேமராவுக்குத் தெரியாதபடி, கறுப்புப் பலகைகளை நிறுத்துங்கள். ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு வந்து வடிவம் நிற்கும். பின்னணியை வெட்டி எடுத்து வேறு படத்தில் ஒட்டப்போகிறீர்கள் என்றால், அந்தப் படத்தின் நிறத்தையே வேர்ல்டில் (காட்சியின் சுற்றுப்புற அமைப்பு) கொடுத்து ரெண்டர் செய்யுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் விளிம்பு மட்டும் வேறு ஊரில் நிற்கும்.

## பட்டு தனிக் கணக்கு

நான்கு முறைகளும் தடுமாறும் பொருள் பட்டுதான், அதிலும் மயில்கழுத்து மாதிரி இரு நிறப் பட்டு. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். பலரும் ஃபேசிங் ரேம்பில் நடுவில் பச்சை, ஓரத்தில் நீலம் என்று போட்டுவிடுகிறார்கள். உருவத்தைச் சுற்றி எல்லா ஓரமும் நீலமாகிவிடும். நிஜச் சேலையில் அப்படி நடக்காது. நிறம் மாறுவது கோணம் எவ்வளவு சாய்கிறது என்பதால் மட்டும் அல்ல, எந்தப் பக்கம் சாய்கிறது என்பதாலும்தான். ஒரே அளவு சாய்வில், மேலும் கீழும் சாய்ந்தால் ஒரு நூல் மின்னும், இடமும் வலமும் சாய்ந்தால் மற்றது.

சரியான வழி, நூலுக்கு ஒன்றாக இரண்டு பிரின்சிபிள்ட். ஒன்றுக்குப் பாவு நிறம், மற்றதற்கு ஊடை நிறம். இரண்டிலும் ரஃப்னஸ் 0.35, அனிசோட்ரோபிக் (மினுக்கம் ஒரு திசையில் நீள்வது) 0.7 முதல் 0.8. ஒன்றின் அனிசோட்ரோபிக் ரொட்டேஷன் 0, மற்றது 0.25. ரொட்டேஷனில் 1 என்பது முழுச் சுற்று, ஆகவே 0.25 என்றால் 90 டிகிரி. இரண்டையும் மிக்ஸ் ஷேடரில் 0.5க்குக் கலக்க வேண்டும். நூல்களுக்கு அவற்றின் நிறத்திலேயே மினுக்கம் வர ஸ்பெக்குலர் டின்டில் அந்தந்த நிறத்தைக் கொடுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் வெள்ளையாக மின்னி வித்தியாசம் தெரியாது. நூலின் திசையைத் தரும் டேன்ஜென்ட் நோடில் யுவி மேப்பை (பரப்பைத் தட்டையாக விரித்த வரைபடம்) தேர்ந்தெடுக்க மறக்கக் கூடாது. சேலையின் யுவி நீளவாக்கில் நேராக, கட்டம் கோணாமல் விரிந்திருக்க வேண்டும். தானியங்கி அன்ராப் துண்டு துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் நூல் ஒரு திசை பார்க்கும், மினுக்கம் தையல்போட்ட துணி மாதிரி முறியும்.

சரிகைக் கரைக்கு மாஸ்க் போட்டு மெட்டாலிக் 1, ரஃப்னஸ் 0.25, அதே யுவியில் அனிசோட்ரோபிக்.

இது சைக்கிள்ஸில் முழுமையாக வரும். ஈவீக்கும் ஜிஎல்டிஎஃபுக்கும் இது அப்படியே போகாது. ஜிஎல்டிஎஃபில் அனிசோட்ரோபி நீட்சி இருக்கிறது என்றாலும் ஒரு மெட்டீரியலில் ஒரு இடத்துக்கு ஒரு திசைதான். அங்கே பாவு நிறத்தை அடிப்படை நிறமாகவும், ஊடை நிறத்தை ஷீன் நிறமாகவும், ஷீன் ரஃப்னஸை 0.3 முதல் 0.4க்குள்ளும் வைத்துச் சமாளிக்கலாம். திசை வித்தியாசம் போய்விடும், ஆனால் திருப்பும்போது நிறம் மாறுவதாவது மிஞ்சும். சேலையை விற்கவே செய்யும் படம் என்றால் இந்தச் சமாளிப்பு போதாது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | மேட்கேப் | ஃபேசிங் ரேம்ப் | நிகழ்நேர பிபிஆர் | பாத் டிரேசிங் |
|---|---|---|---|---|
| திருப்பிப் பார்த்தால் | வெளிச்சம் கேமராவோடு வரும் | தட்டைப் பரப்பு திடீரென வெளுக்கும் | சரி | சரி, ஆனால் உடனுக்குடன் அல்ல |
| தங்கம் | ஒரு கோணத்துக்கு நன்று | வேண்டாம் | எச்டிஆர்ஐயைப் பொறுத்தது | நன்று |
| இரு நிறப் பட்டு | வராது | தப்பாக வரும் | சமாளிக்கலாம் | வரும் |
| பேட்டன்ட், ஸ்வேடு | வராது | வராது | கோட், ஷீன் போட்டால் வரும் | வரும் |
| ஃப்ரேம் நேரம் | இல்லை என்றே சொல்லலாம் | ஷேடரைப் பொறுத்தது | விநாடிக்குள் முதல் சில விநாடி | நிமிடக் கணக்கு |
| கோப்பு கைமாற்றம் | ஜிஎல்டிஎஃபில் போகாது | போகாது | போகும் | படமாக மட்டும் |

## யாருக்கு எது

ஷூவை விரலால் திருப்பிப் பார்க்க வேண்டும், மேலேயும் கீழேயும்கூட: பிபிஆர், ஜிஎல்டிஎஃப் கோப்பு. அடிப்பாகம் காட்ட வேண்டாம், பக்கவாட்டில் சுற்றினால் போதும் என்று வாங்குபவர் ஒத்துக்கொண்டால் இன்னொரு வழி உண்டு, பலரும் அதை யோசிப்பதில்லை. சைக்கிள்ஸில் 10 டிகிரிக்கு ஒன்றாக 36 ஸ்டில் எடுத்து, விரல் நகர நகர மாற்றிக் காட்டுவது. ஸ்டிலுக்கு 2 நிமிடம் என்றால் 72 நிமிட வேலை. படம் ஒன்று 150 கிலோபைட் என்றால் மொத்தம் 5.4 மெகாபைட். சாதாரணத் தோலுக்கும் ஸ்வேடுக்கும் 36 போதும். பேட்டன்ட் லெதரில் பளபளப்பு கூர்மையாக இருப்பதால் 10 டிகிரி இடைவெளியில் அது துள்ளித் துள்ளிப் போகும். அதற்கு 5 டிகிரிக்கு ஒன்றாக 72 வேண்டும், நேரமும் எடையும் இரட்டிப்பு.

அழைப்பிதழ் வீடியோவில் உருவம் கார்ட்டூன் பாணி என்றால் ஈவீயும் அளவான ஃபேசிங் விளிம்பும் போதும். அதற்குப் போய் சைக்கிள்ஸில் இரவைக் கழிப்பது வீண். நிஜம் போன்ற மணப்பெண், பட்டுதான் கண்ணில் பட வேண்டும் என்றால் முழு உருவ ஷாட்டுகளை ஈவீயில் எடுத்துவிட்டு, முந்தானையும் கழுத்தும் அருகில் தெரியும் ஷாட்டுகளை மட்டும் சைக்கிள்ஸில் எடுக்கலாம். இரண்டிலும் ஒரே எச்டிஆர்ஐ, ஒரே வியூ டிரான்ஸ்ஃபார்ம் (நிறத்தைத் திரைக்கு ஏற்ப மாற்றும் அமைப்பு) இருக்க வேண்டும். மாறினால் வெட்டுக்கு வெட்டு சேலை நிறம் மாறும், மணமகள் வீட்டார்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

சைக்கிள்ஸின் அழகை பிபிஆர் கோப்புக்குக் கொண்டுபோக டெக்ஸ்சரில் பேக் செய்யும் (கணக்கிட்ட ஒளியைப் படமாகப் பதிக்கும்) வழக்கமும் இருக்கிறது. டிஃப்யூஸ், அக்லூஷன் இரண்டையும் தாராளமாக பேக் செய்யலாம், அவை பார்வைக் கோணத்தால் மாறாதவை. கம்பைண்டில் கிளாஸியையும் சேர்த்து பேக் செய்தால் ஒரு கோணத்துப் பளபளப்பு பெயிண்ட் அடித்தது போல் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். உருவம் திரும்பினாலும் அந்த வெள்ளைத் திட்டு மூக்கு மேலேயே நிற்கும், அதற்கு மேல் வியூவரின் சொந்தப் பளபளப்பும் சேரும். பேக் செய்யும்போது கான்ட்ரிபியூஷனில் கிளாஸியை எடுத்துவிட்டு, ரஃப்னஸையும் நார்மலையும் தனித்தனி மேப்பாகக் கொடுங்கள். கோணத்தின் கணக்கை வியூவரே பார்த்துக்கொள்ளும்.